சேஃப்னா எதுலேர்ந்து சேஃப்?



விம்கோ நகர் மெட்ரோவுல ஏறி காலேஜுக்கு வர்றவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கீங்க. அந்தப் பேர் எங்கேர்ந்து வந்ததுன்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா? நான் பிறந்து வளர்ந்ததே திருவொற்றியூர்லதான். ஆனாலும் பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் விம்கோங்கறது யாரோ ஒரு பெரிய மனுஷன் பேருன்னுதான் நினைச்சிட்டு இருந்தேன். இல்ல, அது ஒரு தீப்பெட்டி கம்பெனி. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமா விம்கோ. 1923-ல் ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி ஒன்று இந்தியாவில் தொடங்கியது. அதோட ஃபேக்டரிகள்ல ஒண்ணு நம்ம திருவொற்றியூரில் இருந்தது. ஃபேக்டரி பேர் ஏரியாவுக்கு ஒட்டிக்கிச்சு, அப்புறம் ரயில்வே ஸ்டேஷனுக்கு, 2021-லேர்ந்து மெட்ரோவுக்கும்.

இப்போ வீட்ல இருக்கிற தீப்பெட்டி ஒண்ணை எடுத்துப் பாருங்க. "சேஃப்டி மேட்சஸ்"னு அச்சடிச்சிருக்கும். நெருப்பு பத்த வைக்கிறதுக்குன்னே இருக்கிற ஒரு சாமான், அது மேல சேஃப்டின்னு எழுதியிருக்கு! இது என்ன கணக்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு கிளாஸ்ல கிடைக்கல. போன வருஷம் இன்பிளான்ட் டிரெய்னிங் போன இடத்துல கிடைச்சது. முதல் நாள், ஹெல்மெட், சேஃப்டி ஷூ எல்லாம் மாட்டிக்கிட்டு கெத்தா நின்னுட்டு இருந்தேன். முப்பது வருஷ சர்வீஸ் போட்ட ஃபோர்மேன் அண்ணன் ஒருத்தர் வந்தார்.

"தம்பி, நீ நிக்கிற இடம் சேஃபா?"

மேலே பார்த்தேன். கிரேன் எதுவும் இல்ல, ஒண்ணும் தொங்கல. "சேஃப்தாண்ணா."

"எதுலேர்ந்து சேஃப்?"

பதில் வரல. அவர் காலுக்குக் கீழே காட்டினார். மஞ்சள் கோட்டைத் தாண்டி, ஃபோர்க்லிஃப்ட் வர்ற பாதைக்குள்ள நின்னுட்டு இருந்தேன். "மேலேர்ந்து எதுவும் விழாது, கரெக்ட். பின்னாடிலேர்ந்து வண்டி வரும்ல?"

அன்னிக்கு எனக்குப் புரிஞ்சது இதுதான். "சேஃப்"ங்கறது ஒரு முழு வாக்கியம் இல்ல, அரை வாக்கியம். எதுலேர்ந்து, யாருக்கு, எவ்வளவு நேரத்துக்கு, இந்த மூணும் சேர்ந்தாதான் அது முழுசாகும். நாம தினமும் அதை அரையாகவே சொல்லிட்டுப் போயிடறோம்.

ஒரு நாளைக்கு எத்தனை சேஃப்?

நேத்து ஒரு நாள் மட்டும் எண்ணிப் பார்த்தேன். "சேஃபர் சைடுக்கு இன்னொரு ஜெராக்ஸ் எடுத்துக்கடா" என்றால், தொலைஞ்சு போறதுலேர்ந்து சேஃப். "அட்டெண்டன்ஸ் 76, சேஃப்" என்றால் டிடென்ஷன்லேர்ந்து சேஃப், அதுவும் அடுத்த லீவு போடற வரைக்கும்தான். சேஃப்டி பின், நம்ம பாட்டிங்க சொல்ற ஊக்கு, முனை உடம்புல குத்தாம மூடிக்கிறதால சேஃப். பேங்க்ல இருக்கிற சேஃப், இரும்புப் பெட்டி, திருடன்கிட்டேர்ந்து சேஃப். ராத்திரி லேப் முடிஞ்சு கிளம்பும்போது பொண்ணுங்க ஒருத்தருக்கொருத்தர் "ரீச் ஆனதும் சேஃப்னு மெசேஜ் போடு"ன்னு சொல்றாங்களே, அந்த சேஃப் எதுலேர்ந்துன்னு யாரும் கேட்கறதில்ல. எல்லாருக்கும் தெரியும்.

ஒரே சொல், ஒவ்வொரு இடத்திலும் வேற வேற எதிரி. தீப்பெட்டிக்கும் அதே கதைதான்.

பழைய காலத்துத் தீக்குச்சி எங்கே உரசினாலும் பத்திக்கும். சட்டைப் பையில இருக்கும்போதே பத்தின கதையெல்லாம் உண்டு. குச்சியோட தலையில வெள்ளை பாஸ்பரஸ் இருக்கும். 1844-ல் ஸ்வீடனில் குஸ்தாவ் எரிக் பாஷ் என்பவர் ஒரு யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். பத்துறதுக்கு வேண்டிய பொருள்களைப் பிரிச்சு வச்சிடு. குச்சியில பொட்டாசியம் குளோரேட், பெட்டியோட பக்கவாட்டுல சிவப்பு பாஸ்பரஸ். ரெண்டும் உரசினாதான் நெருப்பு. சேஃப்டி மேட்ச்ல இருக்கிற சேஃப்டி அவ்வளவுதான்: நீங்க பத்த வைக்காதப்போ அது தானா பத்திக்காது. பத்த வச்ச பிறகு குடிசை எரியாதுன்னு அது எங்கேயும் சொல்லல.

இதுல இன்னொரு சேஃப்டியும் ஒளிஞ்சிருக்கு. வெள்ளை பாஸ்பரஸ் ஆவியை சுவாசிச்ச தீப்பெட்டித் தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகிப் போகும். 1888-ல் லண்டன் தீப்பெட்டி ஃபேக்டரிப் பெண்கள் வேலைநிறுத்தம் செஞ்சது வரலாறு. 1906-ல் பெர்ன் நகரத்தில் போட்ட சர்வதேச ஒப்பந்தம் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தது. ரொம்ப நாள் குச்சியை வாங்கினவங்களோட ஆபத்தைப் பத்தித்தான் ஊர் அதிகமா பேசிச்சு. அதைச் செஞ்சவங்களோட தாடை அந்தப் பேச்சுல பெருசா வரவே இல்ல. "யாருக்கு சேஃப்" என்ற கேள்வி ஏன் முக்கியம்னு இப்போ புரியுதா?

தமிழ்ல ஒரு சிக்கல்

நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல பெரிய ஆள் இல்ல. ஆனா இதை எழுத உட்கார்ந்ததும் ஒண்ணு கவனிச்சேன். இங்கிலீஷ்ல சேஃப்டி, செக்யூரிட்டின்னு ரெண்டு சொல் இருக்கு. நாம ரெண்டுக்கும் "பாதுகாப்பு"ன்னே சொல்லிடறோம். சாலைப் பாதுகாப்பு வாரம்னா சேஃப்டி. ஏர்போர்ட்ல பாதுகாப்பு சோதனைன்னா செக்யூரிட்டி. பாதுகாப்புத் துறை அமைச்சர்னா ராணுவம். "பத்திரம்" இன்னும் வேடிக்கை. அம்மா சொல்ற "பத்திரமா போயிட்டு வா"வும், ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிவு பண்ற வீட்டுப் பத்திரமும் எழுத்துல ஒண்ணு. முதலாவது நலம் என்ற பொருள் உள்ள வடசொல்லிலிருந்து வந்தது, இரண்டாவது இலை, ஏடு என்ற பொருள் உள்ள வேறொரு வடசொல்லிலிருந்து. "காப்பு"ன்னா காவல், கையில போடற வளையலும் காப்பு, போலீஸ் மாட்டினாலும் காப்பு.

சேஃப்டிங்கறது விபத்திலிருந்து காப்பது. செக்யூரிட்டிங்கறது வேணும்னே செய்யற ஆள்கிட்டேர்ந்து காப்பது. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சா என்ன ஆகும்? நம்ம பக்கத்து மணலியையே பார்க்கலாம்.

2020 ஆகஸ்ட் 4. லெபனானில் பெய்ரூட் துறைமுகம் வெடிச்சது. 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சரக்கை யாரும் ஒளிச்சு வைக்கல. 2013-ல் ஒரு கப்பலில் வந்து, அதிகாரிகள் பொறுப்பில் எடுத்து, துறைமுகக் கிடங்கிலேயே வச்சிருந்தாங்க. அரசாங்கத்தோட கஸ்டடி. காகிதத்துல பார்த்தா செக்யூர்.

அடுத்த ரெண்டு நாள்ல சென்னையில ஒரு செய்தி. 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செஞ்ச அம்மோனியம் நைட்ரேட் 697 டன், 37 கன்டெய்னர்களில், மணலியில ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் அஞ்சு வருஷமா இருக்கு! சரக்கு பாதுகாப்பாக இருக்கிறது, சுற்றி 2 கிலோமீட்டருக்குள் குடியிருப்பு இல்லை என்று சுங்கத்துறை விளக்கம் கொடுத்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போய்ப் பார்த்தப்போ, மணலி புதுநகர் 700 மீட்டர் தூரத்திலேயே இருந்தது. சில நாள்ல ஏலம் விட்டு, லாரியில ஏத்தி ஹைதராபாத் பக்கம் அனுப்ப ஆரம்பிச்சாங்க.

இங்கே யார் பொய் சொன்னாங்கன்னு தேடறது என் நோக்கம் இல்ல. பூட்டு, சீல், காவலாளி எல்லாம் இருந்திருக்கும். திருட்டுலேர்ந்து அது பாதுகாப்பாதான் இருந்தது. ஆனா மணலி புதுநகர்ல இருக்கிற ஒரு அம்மா கேட்ட கேள்வி அது இல்ல. "வெடிக்குமா?"ன்னு கேட்டாங்க. கேள்வி சேஃப்டி, பதில் செக்யூரிட்டி. ரெண்டுக்கும் ஒரே சொல் இருந்ததால, பதில் வந்த மாதிரியே இருந்தது.

கதவு எந்தப் பக்கம் தோற்கணும்?

இந்த ரெண்டும் சண்டை போடற இடம் ஒண்ணு இருக்கு. ஆபீஸ் கதவுல கார்டு காட்டினா திறக்கிற எலெக்ட்ரிக் லாக் பார்த்திருப்பீங்க. அதுல ரெண்டு வகை. கரண்ட் போனா தானா திறந்துக்கறது ஃபெயில் சேஃப். கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கிறது ஃபெயில் செக்யூர். தீ பிடிச்சா மனுஷன் வெளியே ஓடணும்னா முதல் வகை வேணும். பணப் பெட்டி இருக்கிற ரூம்னா ரெண்டாவது வகை. 1911-ல் நியூயார்க்கில் ட்ரையாங்கிள் ஷர்ட்வெய்ஸ்ட் தையல் ஃபேக்டரி எரிஞ்சப்போ 146 பேர் செத்தாங்க. ஒரு வாசல் கதவு பூட்டியிருந்தது. தொழிலாளர்கள் துணியைத் திருடிட்டுப் போயிடக் கூடாதுன்னு பூட்டுற பழக்கம் அங்கே இருந்தது. துணிக்கு செக்யூர், உள்ளே இருந்தவங்களுக்கு?

"ஃபெயில் சேஃப்"னா ஃபெயிலே ஆகாதுன்னு நம்மள்ல பாதி பேர் வைவால சொல்றோம். தப்பு. அது கண்டிப்பா ஒரு நாள் ஃபெயில் ஆகும்னு ஒத்துக்கிட்டு, ஆகும்போது எந்தப் பக்கம் சாயணும்னு முன்னாடியே முடிவு பண்றது. திருவொற்றியூர் கேட்ல நின்னு சரக்கு ரயில் போறதைப் பார்த்திருப்பீங்க. ரயில் முழுக்க ஓடற பிரேக் பைப்புல காத்து அழுத்தம் இருக்கிற வரைக்கும்தான் பிரேக் விலகி இருக்கும். நடுவுல ஒரு பெட்டி கழண்டா பைப் பிரியும், காத்து வெளியே போகும், ரெண்டு பக்கமும் பிரேக் தானா பிடிச்சுக்கும். பிரேக் போடறதுக்குக் காத்து வேணும்னு வடிவமைச்சிருந்தா, பைப் பிரிஞ்ச அன்னிக்கு வண்டி நிக்கவே நிக்காது. அந்த யோசனைக்கு வயசு நூத்தம்பது ஆகுது. இன்னிக்கும் அதுதான் ஓடுது.

சேஃப் என்ற சொல்லையே எடுத்துட்டாங்க

ஹார்பர் பக்கம் போனா கிரேன் கொக்கியில "எஸ்.டபிள்யூ.எல்."னு எழுதி, டன் கணக்கு போட்டிருக்கும். சேஃப் வொர்க்கிங் லோட். ஒரு வயர் ரோப் ஸ்லிங் 50 டன்ல அறுந்து போகும்னா, அதை 10 டன்னுக்குத்தான் பயன்படுத்தச் சொல்வாங்க. ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி 5. நாம எக்ஸாம்ல கான்கிரீட்டுக்கு 1.5, ஸ்டீலுக்கு 1.15-னு மனப்பாடம் பண்றோமே, அதே குடும்பம்தான்.

இதை "மிச்சம் இருக்கிற பலம்"னு நினைக்கிறவங்க நிறைய. 50 தாங்கும்னா 15 தூக்கினா என்னன்னு கேட்பாங்க. அந்த 5 மடங்கு மிச்சம் இல்ல, அது நமக்குத் தெரியாத விஷயங்களுக்கு முன்கூட்டியே கட்டற பணம். கயிறு எவ்வளவு தேஞ்சிருக்கு, ஆபரேட்டர் எவ்வளவு வெடுக்குன்னு இழுப்பார், கடல் காத்துல உள்ளே எத்தனை இழை துருப்பிடிச்சிருக்கு, எதுவும் நமக்குத் தெரியாது. 15 தூக்கினா, தெரியாததுக்குக் கட்டின பணத்தைத் திருடறோம்னு அர்த்தம்.

சுவாரஸ்யம் என்னன்னா, அமெரிக்கத் தர நிர்ணயங்கள்ல இந்த "சேஃப்" என்ற சொல்லை எடுத்துட்டு, "வொர்க்கிங் லோட் லிமிட்"னு மாத்திட்டாங்க. காரணம் சட்டச் சிக்கல். சேஃப்னு எழுதினா, எப்படிப் பயன்படுத்தினாலும் ஆபத்து வராதுன்னு வாக்குக் கொடுத்த மாதிரி ஆயிடுது. எந்தக் கம்பெனியாலயும் அந்த வாக்கைக் காப்பாத்த முடியாது. லிமிட்னு எழுதினா, எல்லை எங்கேன்னு மட்டும் சொன்ன மாதிரி. ஒரு சொல்லோட கனம் தெரிஞ்சவங்க அதைக் கீழே வச்சுட்டாங்க.

ஒரே நம்பர், ரெண்டு பதில்

இப்போ எண்ணூர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, ஒரு உரத் தொழிற்சாலைக்குக் கப்பல்லேர்ந்து அம்மோனியா கொண்டு போற கடலடிக் குழாய்ல கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் பக்கம் ஜனங்க கண் எரிச்சல், மூச்சுத் திணறலோட தூக்கத்துல எழுந்து ஓடினாங்க. பல பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. அன்னிக்கு என் போன்ல வந்த மெசேஜ் எல்லாமே ஒரே சொல்தான். "சேஃபா?" நானும் "சேஃப்"னு அனுப்பினேன். எதை வச்சு அனுப்பினேன்? எங்க தெருவுல வாடை வரல, அவ்வளவுதான்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தப்போ தொழிற்சாலை வாசல் பக்கம் காத்துல அம்மோனியா ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். இது சேஃபா?

இந்தியாவின் காற்றுத் தர நெறியில 24 மணி நேர சராசரி எல்லை 400. அந்தக் கணக்குல அஞ்சு மடங்குக்கு மேல. ஆனா அப்போ இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தோட அட்டவணையில, வேலை செய்யற இடத்துல 8 மணி நேரத்துக்கு 25 பிபிஎம், அதாவது 18,000 மைக்ரோகிராம் வரைக்கும் அனுமதி இருந்தது. 2,090-ங்கறது கிட்டத்தட்ட 3 பிபிஎம்தான். அந்தக் கணக்குல எல்லைக்கு ரொம்பக் கீழே.

ரெண்டு எல்லைக்கும் நடுவுல 45 மடங்கு வித்தியாசம். ரெண்டும் இந்திய நெறிகள்தான், ரெண்டுக்கும் காரணம் இருக்கு. உள்ளே இருக்கிறவர் வயசு வந்தவர், ஷிஃப்ட் முடிஞ்சா வீட்டுக்குப் போயிடுவார், மாஸ்க் இருக்கு, அது என்ன கேஸ்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. வெளியே இருக்கிறது கைக்குழந்தை, ஆஸ்துமா இருக்கிற தாத்தா, 24 மணி நேரமும் அதே காத்து. அதனால "எல்லைக்குள்ள இருக்கு"ன்னு யாராவது சொன்னா, யாரோட எல்லைன்னு கேட்கணும். இன்னொண்ணும் கேட்கணும்: அளந்தது எங்கே, எப்போ? ஒரு வாசல்ல, ஒரு நேரத்துல எடுத்த நம்பர், கரையோரக் குப்பத்துல நள்ளிரவு ஒருத்தர் இழுத்த மூச்சுக்குப் பதில் ஆகாது.

கேஸ் வந்தா "பயப்பட வேண்டாம், நிலைமை பாதுகாப்பாக உள்ளது"ங்கறதை விட உபயோகமான வாக்கியங்கள் இருக்கு. காத்து எந்தப் பக்கம் அடிக்குது, அதுக்குக் குறுக்கே நடந்து விலகுங்க. ஈரத்துணியை மூக்குல வைங்க, அம்மோனியா தண்ணியில கரையும். கண் எரிஞ்சா நல்ல தண்ணியில கழுவிக்கிட்டே இருங்க. இதுல "சேஃப்"ங்கற சொல்லே இல்ல. ஆனா ஒரு ஆள் பிழைக்கிறதுக்கு வேண்டியது எல்லாம் இருக்கு.

அந்தச் சொல்லை ஒழுங்கா எழுதின காகிதம்

அப்போ சேஃப்னு சொல்லவே கூடாதா? சொல்லலாம். எப்படிச் சொல்லணும்னு ஃபேக்டரிக்காரங்களே ஒரு வழி வச்சிருக்காங்க. டிரெய்னிங்கோட கடைசி வாரம் அந்த ஃபோர்மேன் அண்ணன் எனக்கு ஒரு வொர்க் பெர்மிட் காட்டினார். ஒரு டேங்குக்குள்ள இறங்கறதுக்கான அனுமதிச் சீட்டு. "டேங்க் சேஃப்"னு அதுல எங்கேயும் இல்ல. எந்த டேங்க். உள்ளே என்ன வேலை. ஆக்சிஜன் எவ்வளவு, 19.5 சதவீதத்துக்குக் கீழே போனா இறங்கக் கூடாது. எரியக்கூடிய வாயு எவ்வளவு, விஷவாயு எவ்வளவு. எத்தனை மணிக்கு அளந்தது. எத்தனை மணி வரைக்கும் செல்லும். வெளியே காவலுக்கு நிக்கிறது யார். கடைசியில கையெழுத்து. ஷிஃப்ட் மாறினா அந்தச் சீட்டு செத்துப் போச்சு, மறுபடி அளந்து மறுபடி எழுதணும்.

"இதுல கையெழுத்துப் போடறப்போ உனக்குக் கை நடுங்கணும் தம்பி. நடுங்கலேன்னா நீ படிக்காம போடறேன்னு அர்த்தம்"னார்.

இதைப் படிக்கிற நம்மள்ல பல பேர் அடுத்த வருஷம் மணலியிலயோ, எண்ணூர்லயோ, ஹார்பர்லயோ ஏதாவது ஒரு கேட்டுக்குள்ள நுழைவோம். கொஞ்ச வருஷத்துல அந்தச் சீட்டு நம்ம மேசைக்கு வரும். கீழே இறங்கப் போறவர் நம்மகிட்ட "சேஃபா சார்?"னு கேட்பார். அவர் ஒரு சொல்லுலதான் கேட்பார், அது அவரோட உரிமை. ஒரு சொல்லுல பதில் சொல்ற உரிமை நமக்குக் கிடையாது.

இன்னிக்குக் காலையிலயும் அம்மா "பத்திரமா போயிட்டு வா"ன்னாங்க. "எதுலேர்ந்தும்மா?"ன்னு கேட்டேன்.

"எல்லாத்துலேர்ந்தும்தான், போடா"ன்னாங்க. அவங்க சொல்லலாம். நாம கையெழுத்துப் போடறவங்க, எழுதித்தான் ஆகணும்.